ஏழு வெள்ளி, பதினான்கு நிலை: சிலுவைப்பாதைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நெருங்கும்போது பங்குக்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் கூட்டத்துக்கு) புதிதாக வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏதாவது ஒரு ஜெபத்தை விடாமப் பண்ணோணும்னு ஆசைங்க, எதுல ஆரம்பிக்கிறது?" சிலுவைப்பாதையில் ஆரம்பியுங்கள் என்பேன். அழகாக ஜெபிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், விவிலியத்தைக் கரைத்துக் குடித்திருக்கவும் வேண்டாம். சாவுத் தீர்ப்பிலிருந்து கல்லறை வரை இயேசு போன வழியில் பதினான்கு இடங்களில் நின்று, பார்த்து, ஜெபித்துவிட்டு நகர்வது, அவ்வளவுதான். இந்த இடங்களைத்தான் நிலைகள் என்கிறோம். திருமணமாகிக் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வந்த மருமகள், வேலைக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தனியாகத் தங்கியிருக்கிற பிள்ளைகள், பல வருடம் கோயில் பக்கமே வராமல் இருந்து இப்போது திரும்புகிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஜெபத்தின் உயிர், நிற்பதில் இருக்கிறது. கையில் புத்தகம் கிடைத்ததும் வரி விடாமல் வாசித்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும். பதினான்கு நிலையையும் இருபது நிமிடத்தில் ஓட்டி முடிப்பதைவிட, இரண்டே நிலையில் பத்து நிமிடம் நிற்பது எவ்வளவோ மேல். கீழே சொல்கிற முறை முழுவதும் இதை நம்பித்தான் அமைந்திருக்கிறது.

நாள் கணக்கு

ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் திருநீற்றுப் புதன் வரும்; நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் நாள் அது. நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் நாற்பது நாள். 2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027இல் பிப்ரவரி 10, மார்ச் 28. நம் கணக்கில் தை கடைசியிலோ மாசியிலோ தொடங்கிப் பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ முடியும். அதாவது கொங்கு நாட்டில் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடும் காலம். வெயில் ஏறத் தொடங்கும் காலம்.

திருநீற்றுப் புதனுக்கு அடுத்து வரும் வெள்ளியிலிருந்து பெரிய வெள்ளி வரை எண்ணிப் பாருங்கள். ஏழு வெள்ளிகள். நிலைகள் பதினான்கு. வெள்ளிக்கு இரண்டு நிலை என்று எடுத்துக்கொண்டால் சரியாகப் பெரிய வெள்ளியன்று கல்லறையில் வந்து நிற்பீர்கள். கோயிலில் வெள்ளிதோறும் பதினான்கையும் எல்லோருடனும் சேர்ந்து சொல்லுங்கள்; வீட்டில் அந்த வாரத்துக்கான இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

பதினான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாக. எருசலேமுக்குத் திருப்பயணம் போனவர்கள் இயேசு சிலுவை சுமந்த வழியில் நடந்து ஜெபித்தார்கள். அங்குள்ள புனித இடங்களை 1342 முதல் பாதுகாத்துவரும் பிரான்சிஸ்கன் துறவிகள், எருசலேம் போக முடியாத மக்களுக்காக அந்த வழியை ஊர் ஊராக அமைத்துக் கொடுத்தார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றாக இருந்தது. 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் பதினான்கு என்று உறுதி செய்தார். போக முடியாதவர்களுக்காக உண்டான ஜெபம் என்பதை நினைவில் வையுங்கள். ஷிப்டில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக முடியாதவர் வீட்டிலேயே செய்யும்போது அந்த ஜெபத்தில் எதுவும் குறைந்துவிடுவதில்லை.

கோயிலில் முதல் வெள்ளி

நேரம் பங்குக்குப் பங்கு மாறும். பெரும்பாலும் வெள்ளி மாலை, சிலுவைப்பாதை முடிந்ததும் திருப்பலி (பூசை). பங்கு அலுவலகத்திலோ, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழுவான உங்கள் அன்பியத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்னாலேயே போய், சுவரில் இருக்கும் பதினான்கு படங்களையும் எண் பார்த்து ஒருமுறை சுற்றி வாருங்கள். பெரும்பாலும் ரோமன் எண்ணில் எழுதியிருக்கும். எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் முடிகிறது என்று தெரிந்துவிட்டால் நடுவில் திணற வேண்டியிருக்காது.

சிலுவை பிடிப்பவரும் மெழுகுவர்த்தி பிடிக்கும் பீடச்சிறுவர்களும் சாமியாரோடு (பங்குத்தந்தையோடு) நிலை நிலையாக நகர்வார்கள். மக்கள் அவரவர் இடத்திலேயே நின்று, அந்தந்த நிலையின் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நிலையின் பெயரைச் சொன்னதும், "திவ்விய இயேசுவே" என்று தொடங்கும் ஆராதனை வரி வரும். அப்போது எல்லோரும் முழந்தாளிடுவார்கள். பிறகு எழுந்து நின்று வாசகமும் சிந்தனையும் கேட்பார்கள். முடிவில் "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று மன்றாடிவிட்டு, ஒரு பாட்டடி பாடிக்கொண்டே அடுத்த நிலை. வார்த்தைகள் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். பதில் தெரியாவிட்டால் சும்மா நில்லுங்கள். மூன்றாம் நிலைக்குள் காதுக்குப் பழகிவிடும். பக்கத்தில் வயதான அம்மா யாராவது இருந்தால் அவராகவே புத்தகத்தை விரித்து, "இந்தா அம்மிணி, இங்கிருந்து படி" என்று நீட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

மூட்டு வலி உள்ளவர்கள் முழந்தாளிட வேண்டாம். உட்கார்ந்திருக்கலாம், தலையை மட்டும் குனியலாம். செருப்பை வாசலில் விடும் வழக்கம் உள்ள கோயிலில் அப்படியே செய்யுங்கள். முக்காடு போடுவது உங்கள் விருப்பம். இது ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனம் அல்ல என்பதால் ஞானஸ்நானம் பெறாதவர்களும் முழுதாகக் கலந்துகொள்ளலாம். தொடர்ந்து வரும் திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு மட்டும் தயாரிப்பும் தகுதியும் வேண்டும். அதைப் பங்குத்தந்தையிடம் பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டில்

திருப்பூர் பக்கம் வெள்ளி மாலை என்றால் என்ன என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். மறுநாள் சம்பள நாள், ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்குத்தான் கம்பெனியை விட்டு வெளியே வர முடியும். கோயில் சிலுவைப்பாதை அதற்குள் முடிந்திருக்கும். இவர்களுக்கு வீட்டு முறைதான் வழி. அதை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள்.

தேவையானவை ஒரு சிலுவை, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு விவிலியம், ஒரு நோட்டு. பதினான்கு படங்கள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தபால் அட்டை அளவில் பதினான்கு காகிதத் துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை வரைந்து கீழே எண் போடுங்கள். லைன் வீட்டில் ஒரே அறைதான் என்றாலும், கதவருகே தொடங்கி ஜன்னல் வரைக்கும் சுவரில் வரிசையாக ஒட்ட இடம் இருக்கும். மொத்தத்தையும் முதல் வாரமே ஒட்டாமல் வெள்ளிக்கு இரண்டாக ஒட்டிக்கொண்டே போனால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது கண் முன்னால் தெரியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒட்டும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

காகிதத்தை ஒட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்காதீர்கள். எழுந்து போய் அதன் முன்னால் நில்லுங்கள். இரண்டே அடி தூரமாக இருந்தாலும் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நடங்கள். நாள் முழுக்க மெஷின் முன்னால் இருந்துவிட்டு வந்த மனம், உடம்பு நகர்ந்தால்தான் கூட வரும்.

ஒவ்வொரு நிலையிலும் செய்ய வேண்டியது

சிலுவை அடையாளம் வரையுங்கள். நிலையின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறார் என்றால் மெதுவாக. முழந்தாளிட்டு ஆராதனை வரியைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். நற்செய்தியிலிருந்து அந்த இடத்துக்குரிய நான்கைந்து வரியை வாசியுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம் பேசாமல் நில்லுங்கள். இரண்டு நிமிடம். முதல்முறை அது மிக நீளமாகத் தெரியும். சமையல், வாடகை, போனில் வந்த செய்தி எல்லாம் மனதில் வரும். விரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். "இந்த இடத்தில் யார் யார் நிற்கிறார்கள்? இயேசு என்ன செய்கிறார்?" என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டு மறுபடியும் படத்தைப் பாருங்கள். அழுகை வர வேண்டும், நெஞ்சு உருக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எதுவுமே தோன்றாத வெள்ளியும் வரும். நின்றது நின்றதுதான்.

அமைதி முடிந்ததும் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே ஒரு வாக்கியம் ஆண்டவரிடம் சொல்லுங்கள். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லலாம். பிறகு ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபம், ஒரு அருள் நிறைந்த மரியே, அடுத்த நிலை. இரண்டும் முடிந்ததும் நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். வாரம் முழுவதும், பஸ்ஸில் போகும்போதும் படுக்கப் போகும்போதும் அந்த இரண்டு நிலையை மட்டும் நினைத்துக்கொண்டால் போதும்.

வாரம் வாரமாக

முதல் வெள்ளி: இயேசு சாவுக்குத் தீர்ப்பிடப்படுகிறார், அவர் மேல் சிலுவை சுமத்தப்படுகிறது. மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் ரோமை ஆளுநர் பிலாத்து கை கழுவும் பகுதியை வாசியுங்கள். இவர் குற்றமற்றவர் என்று தெரிந்தும், கூட்டத்துக்குப் பயந்து விட்டுக்கொடுத்தவர் அவர். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நாம் விட்டுக்கொடுத்த நியாயம் எது என்று நினைத்துப் பார்க்கலாம். இந்த இடத்தில் ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும்: இதை யூதர்கள் மேல் பழிபோடும் ஜெபமாக ஆக்கிவிடக் கூடாது. அந்தப் பழியை எல்லா யூதர் மேலும் சுமத்தலாகாது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இரண்டாம் வெள்ளி: முதல்முறை கீழே விழுகிறார், தாயைச் சந்திக்கிறார். மூன்று முறை விழுவதும், வழியில் தாயைச் சந்திப்பதும், வெரோணிக்கா என்ற பெண் இயேசுவின் முகம் துடைப்பதும் நற்செய்தியில் இல்லை, மரபில் வந்தவை. ஆனால் சிலுவையின் அருகில் தாய் நின்றதை யோவான் 19:25 சொல்கிறது. அதை வாசித்தால் போதும்.

மூன்றாம் வெள்ளியில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருங்கள். சிரேன் ஊர்ச் சீமோன் சிலுவை சுமக்க உதவுகிறார்; வெரோணிக்கா முகத்தைத் துடைக்கிறார். சீமோன் நாட்டுப்புறத்திலிருந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தார் என்று மாற்கு 15:21 சொல்கிறது. நம் ஊரில் வயல்காட்டுக்குப் போய்விட்டு வருகிறவரை நினைத்துப் பாருங்கள். காலில் மண், கையில் ஏதோ ஒரு சாமான், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பு. அவரைப் பிடித்து, முன்பின் தெரியாத ஒரு கைதியின் சிலுவையைத் தூக்கு என்கிறார்கள். அவர் விரும்பிக் கேட்டு வந்ததில்லை, கட்டாயப்படுத்தப்பட்டார். இதையே நான் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொள்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வதும், அண்ணன் வாங்கிய கடனைக் கட்டுவதும் யாரும் ஆசைப்பட்டு ஏற்றதில்லை. ஆனாலும் சீமோனின் தோளில் இருந்தது இயேசுவின் சிலுவையேதான். அவருடைய பிள்ளைகள் அலெக்சாந்தர், ரூபு என்று மாற்கு பெயர் சொல்கிறார். அந்தக் காலத்துச் சபைக்கு அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்ட மாட்டார்கள். அன்றைக்குக் கட்டாயத்தில் தூக்கியது அந்தக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று யோசித்துக்கொண்டே இரண்டு நிமிடம் நிற்கலாம்.

நான்காம் வெள்ளி: இரண்டாம் முறை விழுகிறார்; எருசலேம் பெண்களுக்கு ஆறுதல் சொல்கிறார். லூக்கா 23:27-31. தனக்காக அழ வேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்கிறார். இந்த வாரம் உங்கள் பிள்ளைகளின் பெயரையும் தெருவில் இருக்கும் பிள்ளைகளின் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள்.

ஐந்தாம் வெள்ளி: மூன்றாம் முறை விழுகிறார், ஆடைகளைக் களைகிறார்கள். யோவான் 19:23-24ஐ நம் பகுதி மக்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். படைவீரர்கள் மேலுடைகளை நான்கு பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். உள்ளங்கிக்கு வரும்போது கை நிற்கிறது. அது தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக நெய்யப்பட்டது. கிழித்தால் வீணாகிவிடும் என்று சீட்டுப் போடுகிறார்கள். சென்னிமலையில் தறியில் உட்கார்கிறவருக்கும், நாள் முழுக்கப் பீஸ் பீஸாக இணைத்துத் தைக்கிற டெய்லருக்கும் அப்படி ஒரு துணிக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று சொல்லித்தர வேண்டாம். யாரோ ஒருவர் கையால் பொறுமையாக நெய்த துணி அது. துணியின் மதிப்பு தெரிந்த அந்தப் படைவீரர்களுக்கு அதை உடுத்தியிருந்தவரின் மதிப்பு தெரியவில்லை. உங்கள் ஊரில் யாருடைய உழைப்பை எல்லோரும் வாங்கிக்கொண்டு ஆளை மட்டும் கண்டுகொள்வதில்லை என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால், அந்த வாரமே அவரிடம் போய்ப் பெயர் கேட்டு நாலு வார்த்தை பேசுங்கள்.

ஆறாம் வெள்ளி: சிலுவையில் அறைகிறார்கள்; சிலுவையில் உயிர்விடுகிறார். லூக்கா 23:33-46. பன்னிரண்டாம் நிலையில் கோயிலில் எல்லோரும் முழந்தாளிட்டுச் சிறிது நேரம் அமைதியாக இருப்பார்கள். வீட்டிலும் அப்படியே. இங்கே நான் எந்தக் கேள்வியும் கொடுக்கப்போவதில்லை. சின்னக் குழந்தைகளுக்கு ஆணி, இரத்தம் என்று விவரிக்காமல், "இவங்களை மன்னியுங்க அப்பா" என்று இயேசு கேட்டதைச் சொன்னால் போதும்.

கடைசி இரண்டு நிலைகளும் பெரிய வெள்ளிக்கு. சிலுவையிலிருந்து இறக்கித் தாயின் மடியில் கிடத்துகிறார்கள். கல்லறையில் அடக்கம் செய்கிறார்கள். அரிமத்தியா ஊர் யோசேப்பு துணிந்து பிலாத்திடம் போய் உடலைக் கேட்டார் என்று மாற்கு 15:43 சொல்கிறது. இழவு வீட்டில் முதல் ஆளாக வந்து நின்று, பந்தல் முதல் குழி வெட்டுவது வரை பார்த்துச் செய்கிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்து ஜெபியுங்கள்.

வீட்டில் ஒருவர் சி.எஸ்.ஐ. என்றால்

ஈரோடு, கோவை, தாராபுரம் பக்கம் ஒரே குடும்பத்தில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் இருப்பது சகஜம். அவர்களுக்கு இது லெந்து காலம்; மாலைக் கூட்டங்களும், பெரிய வெள்ளியன்று சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையும் அவர்களுடைய வழக்கம். வெரோணிக்கா வேதத்தில் இல்லையே என்ற தயக்கம் வந்தால் அதற்கும் வழி உண்டு. திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 1991இல் ரோமின் கொலோசியத்தில் நடத்திய சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகளும் நற்செய்தியிலிருந்தே எடுக்கப்பட்டவை. கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கும்; பேதுரு மறுதலிப்பதும், மனம் திரும்பிய கள்வனும் அதில் உண்டு. அதை வைத்து இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஜெபிக்கலாம். எந்தப் பதிப்பு விவிலியம் என்று வாக்குவாதம் வேண்டாம், ஆளுக்கு ஒரு வாரம் அவரவர் விவிலியத்திலிருந்து வாசித்துவிடுங்கள்.

நோன்பு

திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: ஒரு வேளை முழுச்சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. 18 வயது நிறைந்து, அறுபதாம் வயது தொடங்காதவர்களுக்கு இது பொருந்தும். அந்த இரண்டு நாளும் தவக்கால வெள்ளிகளும் சுத்தபோசனம், கறி கிடையாது; அது 14 வயது நிறைந்தவர்களுக்கு. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை. கறிக்கு ஆகும் காசை ஒரு டப்பாவில் போட்டுவைத்து இல்லாதவருக்குக் கொடுங்கள். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதிக்கு) விரதம் இருக்கிறவர்கள் உள்ள தெருவில், நீங்கள் ஏன் கறி சாப்பிடவில்லை என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

பெரிய வெள்ளியும் வெளியூர்ப் பயணமும்

தவக்காலத்தில் ஒரு நாளாவது திருத்தலம் போய்ச் சிலுவைப்பாதை செய்ய ஆசைப்படுவார்கள். கருமத்தம்பட்டி செபமாலை அன்னை பசிலிக்கா கோவைக்கும் திருப்பூருக்கும் பக்கம். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஊட்டி காந்தல் குருசடிக்கும் இங்கிருந்து நிறையப் பேர் போகிறார்கள். சொந்த வண்டி என்றால் ஊட்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் அனுமதி) வேண்டுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் போனால் அந்தக் கவலை இல்லை. திறந்த வெளியில் நடப்பது என்றால் வெயிலுக்கு முன் கிளம்பி, தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களை நிலைக்கு நிலை நடக்கவிடாமல் நிழலில் உட்காரவைத்துவிடலாம். கூட்டு ஜெபத்தில் நடத்துகிறவர் நகர்ந்தாலே போதும்.

பெரிய வெள்ளியன்று மட்டும் உங்கள் சொந்தப் பங்கிலேயே இருங்கள் என்பது என் கருத்து. அன்றைக்குத் திருப்பலி கிடையாது. காலையில் சிலுவைப்பாதை, மதியம் மூன்று மணியையொட்டித் திருப்பாடுகளின் வழிபாடு, அதில் சிலுவை முத்தி. ஏழு வாரம் யாரோடு சேர்ந்து நின்றீர்களோ அவர்களோடு வரிசையில் நின்று சிலுவையை முத்தமிடுங்கள். வீட்டுக்கு வந்து பதின்மூன்றும் பதினான்கும் காகிதங்களை ஒட்டி, அந்த இரண்டு நிலையை ஜெபித்துவிட்டு, நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை வாசியுங்கள்.

சனிக்கிழமை பகலில் சிலுவைப்பாதை வேண்டாம். இரவில் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கான இரவு வழிபாடு. நேரத்தை வெள்ளிக்கிழமையே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடிக்க மெழுகுவர்த்தி கோயிலில் கொடுப்பார்கள், வீட்டிலிருந்து ஒன்று கொண்டுபோனாலும் தப்பில்லை. சுவரில் ஒட்டியதை ஞாயிறு காலை எடுத்து, விவிலியத்துக்குள் அடுத்த வருடத்துக்கு வைத்துவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறன்று வாங்கிய ஓலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த திருநீற்றுப் புதனுக்கு முன் கோயிலில் கேட்பார்கள், அதை எரித்துத்தான் சாம்பல் எடுப்பார்கள்.